பழைய உலாவியும் புதிய தளமும்

ஒலிபரப்புத் துறையினருக்கு நன்கு பழக்கமான பிரச்சினை ஒன்று உண்டு. நிலையத்திலே புதிய முறையொன்று புகுத்தப்படும்போது, மக்களின் வீடுகளிலிருக்கும் பழைய கருவிகளின் கதி யாது என்பதே அது. ஐக்கிய அமெரிக்காவில் 1950 ஆம் ஆண்டு நிறத் தொலைக்காட்சிக்கென ஒரு முறை அரசாங்க ஆணைக்குழுவினால் அங்கீகரிக்கப்பட்டது. நிறங்களை அது நன்றாகவே காட்டிற்று. ஆயினும், மக்கள் ஏற்கெனவே பணங்கொடுத்து வாங்கியிருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் அவ்வொளிபரப்பு விளங்கவில்லை. 1951 இல் ஆரம்பித்த அந்தச் சேவை, பல காரணங்களால், அவ்வாண்டிலேயே நின்றுபோயிற்று. 1953 டிசம்பரில் அங்கீகாரம் பெற்ற வேறொரு முறையோ, ஒரே அலையைப் புதிய பெட்டியில் நிறத்துடனும் பழைய பெட்டியில் கறுப்பு வெள்ளையாகவும் தெரியச் செய்தது. அதுவே நிலைபெற்றது. பிரித்தானியாவில் வேறு வழி கையாளப்பட்டது. அங்கு 1964 இல் 625 கோட்டு ஒளிபரப்பு ஆரம்பமான பின்னரும், பழைய 405 கோட்டு ஒளிபரப்பு 1985 வரை கூடவே நடத்தப்பட்டது. ஒரு பெட்டியையும் கைவிடாதிருப்பதற்காக இருபது ஆண்டுகள் இரட்டைச் செலவு செய்யப்பட்டது எனலாம்.

இணையத்தளங்களை நடத்துவோர் முன்னும் இதே கேள்வி இன்று நிற்கின்றது. கணினியிலோ கைத்தொலைபேசியிலோ தளங்களைத் திறந்து காட்டும் செயலிக்கு உலாவி என்று பெயர். தளத்தை அமைப்பவர் ஒருவர். உலாவியை ஆக்கித் தருவது வேறொரு நிறுவனம். எந்த உலாவியை, எவ்வளவு பழைய பதிப்பை வைத்திருப்பது என்பது வாசகரின் காரியம். இம்மூவரும் ஒருவரையொருவர் அறியார். இந்நிலையில், ஐந்து ஆண்டுகளுக்கு அல்லது பத்து ஆண்டுகளுக்கு முற்பட்ட உலாவியோடு வாயிலுக்கு வரும் வாசகரைத் தளம் உள்ளே அழைக்க வேண்டுமா, புதியதைப் பெற்றுக்கொண்டு வருக என்று திருப்பியனுப்பலாமா?

வலையின் தொடக்கத்தில் இக்கேள்விக்கே இடமிருக்கவில்லை. சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ 1990 ஆம் ஆண்டின் இறுதியில் முதல் உலாவியையும் முதல் தளத்தையும் அமைத்தார். அந்நிலையத்துக் கணினிகள் ஒரே வகையின அல்ல. சிலவற்றில் படம் தெரியும். பலவற்றில் வெறும் எழுத்து மாத்திரமே தெரியும். ஆகவே, பக்கத்தை எழுதும் மொழியிலேயே ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. தனக்கு விளங்காத குறி ஒன்றைக் காணும் உலாவி, அக்குறியைப் பொருட்படுத்தாது விட்டுவிட்டு, அதனுள்ளே இருக்கும் சொற்களை மாத்திரம் காட்டிவிட வேண்டும் என்பதே அவ்வேற்பாடு. படங்காட்டத் தெரியாத உலாவியிலும் கட்டுரையை வாசிக்கலாம். அட்டவணையை ஒழுங்காக வரையத் தெரியாத உலாவியிலும் அதிலுள்ள எண்களைக் காணலாம். சேர்ன் நிலையம் 2013 இல் அந்த முதல் தளத்தை அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. இன்றைய உலாவி எதிலும் அது திறக்கின்றது.

பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியும் இவ்வழக்கத்தையே பின்பற்றுகின்றது. ஆனால், பக்கத்துக்குச் செயற்பாட்டைக் கொடுக்கும் யாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியின் இயல்பு வேறு. அதிலே தனக்குத் தெரியாத புதிய வாக்கிய அமைப்பு ஒன்று வந்துவிட்டால், உலாவி அந்த ஓரிடத்தைத் தாண்டிச் செல்வதில்லை. அந்த நிரற்கோப்பு முழுவதையுமே இயக்காது விட்டுவிடும். பழைய காலத்துத் தளங்களில் இது பெருந்தீங்காகவில்லை. பக்கத்தின் பொருள் ஓரிடத்திலும் நிரல் வேறோரிடத்திலும் இருந்தன. பின்னர், பக்கம் முழுவதையுமே நிரலைக்கொண்டு வாசகரின் கருவியிலே கட்டியெழுப்பும் வழக்கம் பரவிற்று. அத்தகைய தளத்துக்குப் பழைய உலாவியோடு வருபவர் மங்கலான பக்கத்தைக் காண்பதில்லை. வெற்றுத் திரையைக் காண்கிறார். இன்றைய பிணக்கின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றது.

பழைய உலாவி என்றதும் இணைய வரலாற்றில் முதலிலே நினைவுக்கு வருவது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இன்ரநெற் எக்ஸ்புளோரர் என்பதன் ஆறாம் பதிப்பாகும். அது 2001 ஓகஸ்டில் வெளிவந்தது. அப்போது நெற்ஸ்கேப் உலாவி போட்டியில் ஏறக்குறைய வீழ்ந்துவிட்டது. எதிரியில்லாத களத்தில் வெற்றியாளன் உறங்கிவிட்டான் போலும். ஏழாம் பதிப்பு வெளிவர 2006 ஒக்டோபர் வரை ஐந்து ஆண்டுகள் சென்றன. அந்த இடைவெளியில் உலகின் இணையப் பயனாளரிற் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் எக்ஸ்புளோரரையே உபயோகித்த காலமும் ஒன்று இருந்தது. ஆகையால், தளம் அமைப்போர் பொது நியமங்களைப் பாராது, ஆறாம் பதிப்பில் எவ்வாறு தெரிகின்றது என்பதை மாத்திரமே பார்த்து எழுதினர். அலுவலகங்களின் உட்தளங்களும் அதற்கென்றே எழுதப்பட்டன.

அதனாலே தொழிலாளர் பட்ட பாடு கொஞ்சமன்று. பின்னணி தெரியும்படி அமைந்த படம் ஆறாம் பதிப்பிலே சாம்பல் நிறப் பெட்டியோடு தோன்றும். இடது புறத்தில் விட்ட இடைவெளி காரணமின்றி இரட்டிக்கும். 2004 இல் பயர்பொக்ஸ், 2008 இல் குரோம் எனப் புதிய உலாவிகள் வந்து நியமங்களைச் செவ்வனே பின்பற்றத் தொடங்கியபின், ஒரே பக்கத்தை அவற்றுக்கு ஒரு தரமும் ஆறாம் பதிப்புக்கு மறு தரமும் எழுதவேண்டியதாயிற்று.

ஆயின், அவ்வுலாவியை விடாது வைத்திருந்தோர் யாவர்? சோம்பேறிகள் என்று அக்காலத்திற் பலர் ஏசினர். உண்மை அவ்வாறன்று. பெரிய நிறுவனங்களின் ஊழியர் தமது கணினியில் எதையும் மாற்ற அனுமதிக்கப்படவில்லை. சீனாவில் உரிமமின்றிப் பிரதி செய்யப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பீ பெருகியிருந்தது. அவற்றை வைத்திருந்தோர் பலர் புதுப்பித்தலையே தவிர்த்தனர். மைக்ரோசொப்ட் நிறுவனமே 2011 இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகிலே ஆறாம் பதிப்பு மிகுதியாக எஞ்சியிருந்த நாடு சீனாவாகும். அங்கு மூன்றில் ஒரு பங்கினர் அதனையே உபயோகித்தனர். பிரித்தானியாவில் அரச திணைக்களங்கள் அவ்வுலாவியைக் கைவிட வேண்டும் என்று பொதுமக்கள் மனுச் செய்தபோது, 2010 இல் அரசாங்கம் அளித்த விடை கவனத்துக்குரியது. திணைக்களங்களின் உள்நிரல்கள் யாவற்றையும் மீண்டும் பரிசோதிக்க நேரும். அதற்காகும் செலவை வரி செலுத்துவோரே ஏற்கவேண்டி வரும் என்று அது கூறிற்று. உலாவியை மாற்றுவது ஒரு பொத்தானை அழுத்தும் வேலையென்று எண்ணியோருக்கு அவ்விடை ஏமாற்றமளித்திருக்கலாம். எனினும், பெரிய நிறுவனங்களின் நிலைமை அதுவே.

இந்தப் பின்னணியில் இரு நிகழ்ச்சிகளை ஒப்பிடலாம். அவுஸ்திரேலியாவின் கோகன் என்னும் வியாபாரத் தளம் 2012 இல் எக்ஸ்புளோரரின் ஏழாம் பதிப்போடு வருவோருக்கு 6.8 வீதம் "வரி" விதிப்பதாக அறிவித்தது. அப்பதிப்பு வெளிவந்து கழிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 0.1 வீதம் என்பது கணக்கு. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதை வெளியிட்டன. தளத்துக்குச் செலவின்றி விளம்பரமும் கிடைத்தது. வேடிக்கையென்ற அளவில் அதனை ரசிக்கலாம், நீதியென்று கொள்வதற்கில்லை. அலுவலகக் கணினியைத் தவிர வேறு கணினி இல்லாதவர் அவ்வரியைச் செலுத்தியாக வேண்டும். அவ்வுலாவியை அங்கு வைத்திருந்த அதிகாரியோ ஒரு சதமும் செலுத்தப்போவதில்லை.

மற்றைய நிகழ்ச்சி யூரியூப் தளத்தில் 2009 ஜூலையில் நடந்தது. ஆறாம் பதிப்போடு வருவோரின் திரையில், இவ்வுலாவிக்கு அளித்துவரும் ஆதரவு விரைவில் நிறுத்தப்படும், புதியதொன்றைப் பெற்றுக்கொள்க என்ற அறிவித்தல் ஒன்று தோன்றிற்று. அங்கு பணியாற்றிய கிறிஸ் ஸக்கரியாஸ் என்பவர், பொறியியலாளர் சிலர் மேலிடத்து அனுமதியைப் பெறாமலே அதனை வைத்துவிட்டதாக 2019 இல் வெளிப்படுத்தினார். அவர் கூற்றின்படி, ஒரு மாதத்துக்குள் அத்தளத்துக்கு வந்த ஆறாம் பதிப்பினரின் தொகை பாதியாகக் குறைந்தது. வாயிலை அடைக்காமல், காலமும் கொடுத்து, மாற்று வழியும் காட்டியமையே அவ்வறிவித்தலின் சிறப்பாகும். 2010 ஜனவரியில், எக்ஸ்புளோரரில் இருந்த ஓட்டையொன்றின் வழியாகக் கூகிளும் வேறு நிறுவனங்களும் தாக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. ஜேர்மன், பிரான்ஸ் அரசுகளின் பாதுகாப்பு நிறுவனங்கள் அவ்வுலாவியைத் தற்காலிகமாகத் தவிர்க்குமாறு மக்களுக்கு ஆலோசனை கூறின. ஈற்றில், 2011 மார்ச்சில், அதனை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனமே ஆறாம் பதிப்பை ஒழிப்பதற்கு ஓர் இயக்கம் தொடங்கிற்று.

பழைய உலாவிக்கு இடங்கொடுப்பது எப்போதும் கருணையே என்று கருதுவோர் தென் கொரியாவின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1990களில் ஐக்கிய அமெரிக்கா வலிமையான மறைகுறியாக்க முறைகளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடு விதித்திருந்தது. வெளிநாட்டாருக்குக் கிடைத்த உலாவிகள் 40 பிட் நீளமான பலவீனமான சாவியையே உபயோகித்தன. வங்கிக் கணக்கைக் காப்பதற்கு அது போதாது. ஆகவே, கொரியர் 1998 இல் "சீட்" என்னும் 128 பிட் முறையைத் தாமே ஆக்கினர். 1999 இல் மின்னியற் கையொப்பத்துக்கான சட்டமும் நடைமுறைக்கு வந்தது. உலாவிக்குள்ளே அம்முறை இல்லாமையால், எக்ஸ்புளோரரில் மாத்திரம் இயங்கும் அக்டிவ்எக்ஸ் என்னும் துணைநிரலின் மூலம் அது வழங்கப்பட்டது. அக்காலத்தில் அது அறிவுடைய செயலே, குற்றங்கூற இடமில்லை.

தீங்கு பின்னரே வந்தது. 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்கா தனது கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. வலிமையான மறைகுறியாக்கம் எல்லா உலாவிகளிலும் இயல்பாகவே கிடைத்தது. ஆனால் கொரியாவில் வங்கிப் பரிவர்த்தனைக்கும், குறித்த தொகைக்கு மேற்பட்ட இணையக் கொள்வனவுக்கும் அந்தத் துணைநிரலும் அதனோடு சேர்ந்த சான்றிதழும் கட்டாயமாகவே நீடித்தன. எல்லாத் தளங்களும் எக்ஸ்புளோரருக்கு இடங்கொடுத்தன என்பதோடு நிற்கவில்லை, வேறெதற்கும் இடங்கொடுக்கவில்லை. 2007 இல் விண்டோஸ் விஸ்ரா வெளிவந்தபோது, மைக்ரோசொப்ட் பாதுகாப்பை இறுக்கியமையால் அந்நாட்டு வங்கித் தளங்கள் பல அதிலே இயங்கவில்லை. அன்றியும், எந்தத் தளத்துக்குச் சென்றாலும் துணைநிரலொன்றை நிறுவட்டுமா என்று கேட்பதும், மக்கள் வாசியாமலே "ஆம்" என்று அழுத்துவதும் வழக்கமாகிவிட்டன. பாதுகாப்புக்கென்று வந்த கருவி, எதற்கும் சம்மதிக்கும் பழக்கத்தைக் குடிமக்களுக்குக் கற்பித்தது. தீய நிரல்களை அனுப்புவோருக்கு இதைவிட வாய்ப்பு வேறென்ன வேண்டும்? 2014 மார்ச்சில் சனாதிபதி பார்க் குன் ஹே ஒரு கூட்டத்திலே இதனை எடுத்துக்காட்டினார். கொரியத் தொலைக்காட்சி நாடகமொன்றில் கதாநாயகி அணிந்த மேலங்கியை வாங்க விரும்பிய சீன இரசிகர், கொரியத் தளங்களில் இந்தத் தடையினால் வாங்கமுடியாது திரும்பினர் என்று அவர் கூறினார். அரசு அங்கீகரித்த சான்றிதழுக்கு இருந்த தனியுரிமை 2020 டிசம்பரிலேயே நீங்கியது. எக்ஸ்புளோரரின் பதினோராம் பதிப்பு 2022 ஜூன் 15 ஆம் திகதி ஓய்வு பெற்றபோது, கியோங்ஜு நகரில் ஒரு பொறியியலாளர் அதற்குக் கல்லறைக் கல்லொன்று நாட்டினார். வேறு உலாவிகளைப் பெற்றுக்கொள்வதற்கு நல்ல கருவியாயிருந்தது என்பது அதிலே பொறித்த புகழுரை. இருபது ஆண்டுக் கட்டாயத்தை அனுபவித்த நாட்டில் அந்நகைச்சுவை தோன்றியது வியப்பன்று.

ஆகவே, இடங்கொடுத்தல் என்ற ஒரு சொல்லிலே இரண்டு வேறு காரியங்கள் கலந்திருக்கின்றன. பழைய உலாவியில் வாசிக்கக்கூடியதாகப் பக்கத்தை வைத்திருப்பது ஒன்று. பழைய உலாவியின் பலவீனங்களைத் தளமும் ஏற்றுக்கொள்வது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியது. ஒருவருக்கு வளைந்த மூலையுள்ள பெட்டியும் மற்றவருக்குச் சதுரப் பெட்டியும் தெரிந்தால் எவருக்கும் நட்டமில்லை. இரண்டாவது பூட்டைப் பற்றியது. ஒருவருடைய பழைய சாவி திறக்கவேண்டும் என்பதற்காக வாயிலில் பழைய பூட்டையே விட்டுவைத்தால், கள்ளன் அதே பூட்டை உடைத்து எல்லாருடைய பொருளையும் கொண்டுபோவான்.

இதிலும் வழக்கு ஒருபக்கமானதன்று என்பதை 2015 டிசம்பரில் எழுந்த விவாதம் காட்டும். ஒரு தளம் தன்னை இன்னதென்று உலாவிக்கு நிரூபிப்பது ஒரு சான்றிதழாலே. அச்சான்றிதழின் உள்ளடக்கத்தைச் சுருக்கி, விரல் அடையாளம் போன்ற ஓர் எண்ணாக்கி, அதன்மேல் கையொப்பமிடுவர். அவ்வடையாளத்தை ஆக்கிய பழைய கணக்குமுறைக்கு ஷா-1 என்று பெயர். இரு வேறு ஆவணங்களுக்கு ஒரே அடையாளம் வரும்படி செய்ய எவராலும் இயலுமாயின் போலிச் சான்றிதழ் ஆக்கிவிடலாம். ஷா-1 இல் அது விரைவில் இயலும் என்று கணித அறிஞர் எச்சரித்திருந்தனர். எனவே, 2016 ஜனவரி முதல் அம்முறையில் புதிய சான்றிதழ் வழங்குவதில்லை என்று தீர்மானமாயிற்று. பேஸ்புக் நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் அலெக்ஸ் ஸ்ராமோசும், கிளவுட்பிளெயர் நிறுவனத்தின் தலைவர் மத்தியூ பிரின்சும் இத்தீர்மானத்தை அப்படியே நடைமுறைப்படுத்துவதை எதிர்த்து எழுதினர். உபயோகத்திலுள்ள உலாவிகளில் 3 முதல் 7 வீதமானவை புதிய முறையை அறியமாட்டா என்பது பேஸ்புக்கின் மதிப்பீடு. மூன்று கோடியே எழுபது இலட்சம் மக்கள் துண்டிக்கப்படுவர் என்பது கிளவுட்பிளெயரின் கணக்கு. அவர்கள் பெரும்பாலும் வறிய நாடுகளில், பழைய கைத்தொலைபேசிகளை வைத்திருப்போர். பழைய உலாவிக்குப் பழைய சான்றிதழையும் புதிய உலாவிக்குப் புதியதையும் காட்ட இடமளிக்கவேண்டும் என்று இருவரும் வாதாடினர். எதிர்த்தரப்பார், பழைய முறை எங்கேனும் உயிரோடிருக்கும்வரை போலி செய்வோருக்கு வழியும் இருக்கும் என்றனர். பொதுவாக எதிர்த்தரப்பே வென்றது. 2017 பெப்ரவரியில் அம்ஸ்ரர்டாமின் ஆராய்ச்சி நிலையமொன்றும் கூகிளும் சேர்ந்து, ஒரே ஷா-1 அடையாளங் கொண்ட இரு வேறு கோப்புகளை உலகின்முன் வைத்தபோது, அவ்வெற்றி சரியானதே என்று தெளிவாயிற்று. எனினும், அந்த மூன்று கோடியே எழுபது இலட்சம் பேரும் பொய்யல்லர். முடிவு சரியானது என்பதால் அதன் விலை இல்லாது போய்விடாது. அவ்விலையை வெளிப்படையாக எண்ணிக் கூறிய இருவரின் செயலும் வீணன்று.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அதே வகைச் சிக்கல் மீண்டும் தோன்றி, இம்முறை வேறுவிதமாகத் தீர்ந்தது. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெற்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பின் கையொப்பத்தை, அன்ட்ரோயிட் 7.1.1 பதிப்புக்கு முற்பட்ட தொலைபேசிகள் அறியமாட்டா. வேறொரு பழைய நிறுவனத்தின் பிணை இருந்தமையால் அதுவரை காரியம் நடந்தது. அப்பிணை 2021 செப்டெம்பரில் முடிவடைய இருந்தது. 2020 நவம்பரில் அவ்வமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, அன்ட்ரோயிட் தொலைபேசிகளில் 33.8 வீதமானவை அத்தகைய பழைய பதிப்புகளிலே இயங்கின. மூன்றிலொரு பங்கு! அவற்றின் சொந்தக்காரர் எதையும் புதுப்பிக்க இயலாது. தொலைபேசியை ஆக்கிய நிறுவனம் புதிய பதிப்பை அனுப்புவதை நிறுத்திவிட்டது. நல்வேளையாக, பழைய அன்ட்ரோயிட், தான் நம்பும் மூலச்சான்றிதழின் முடிவுத் திகதியைப் பார்ப்பதில்லை என்பதைப் பொறியியலாளர் கவனித்தனர். அந்தக் கவனக்குறைவையே துணையாகக் கொண்டு, பழைய நிறுவனத்திடம் மேலும் மூன்றாண்டுப் பிணை பெற்றனர். பூட்டின் வலிமை குறைக்கப்படவில்லை. காலம் மாத்திரம் வாங்கப்பட்டது. 2023 இல், அவ்வமைப்பின் கையொப்பத்தை நேரடியாக அறியும் அன்ட்ரோயிட் தொலைபேசிகளின் பங்கு 93.9 வீதமாக உயர்ந்திருந்தது. 2024 செப்டெம்பர் 30 ஆம் திகதி பிணை முடிவடைந்தபோது பெருங்குழப்பம் எதுவும் எழவில்லை.

வீதக் கணக்கு ஒன்றைக் காட்டி, "இவர்கள் நூற்றுக்கு ஒருவரே; விட்டுவிடலாம்" என்று கூறுவது தளம் நடத்துவோரிடையே வழக்கம். அக்கணக்கில் இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, அந்த ஒருவர் யாரென்பதை அது சொல்லாது. இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. வாயிலிலே தடுக்கப்பட்டவர் உள்ளே எடுக்கும் குடிசன மதிப்பில் இடம்பெறார். முன்னர் குறிப்பிட்ட ஸக்கரியாஸ், யூரியூப் பக்கத்தின் நிறையைச் சுமார் 1.2 மெகாபைற்றிலிருந்து 98 கிலோபைற்றாகக் குறைத்துப் பார்த்தார். பக்கம் விரைவாகத் திறக்கும் என்று எதிர்பார்த்தவருக்குச் சராசரி நேரம் முன்னரிலும் கூடியதாகக் கணக்கு வந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, தென்கிழக்காசியா, தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, சைபீரியா ஆகிய இடங்களிலிருந்து, மிக மெதுவான இணைப்புகளை உடையோர் புதிதாக வந்துகொண்டிருந்தமை தெரியவந்தது. பழைய பக்கம் திறக்க அவர்களுக்கு இருபது நிமிடம் வரை சென்றிருக்கும். ஆகையால் அவர்கள் வந்ததேயில்லை. இலேசான பக்கம் அவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் திறந்தது. அது பக்கத்தின் நிறையைப் பற்றிய சோதனை. உலாவியின் வயதுக்கும் அதே கணக்கு முற்றாகப் பொருந்தும்.

பிரித்தானிய அரசாங்கத்தின் பொதுத் தளம் 2013 இல் செய்த அளவீடு ஒன்றும் இங்கு பயன்படும். தனது பக்கத்தின் யாவாஸ்கிரிப்ட் நிரல் எத்தனை பேருக்குக் கிட்டவில்லை என்று அது எண்ணிப் பார்த்தது. விடை 1.1 வீதம். இவர்களில், உலாவியில் அவ்வசதி இல்லாதவரும் அதை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தவரும் 0.2 வீதமே. எஞ்சிய 0.9 வீதத்தினர் புதிய உலாவியை உடையோர். இணைப்பு இடையில் அறுந்தமை போன்ற வேறு காரணங்களால் நிரல் அவர்களைச் சென்றடையவில்லை. எனவே, நிரலின்றியும் இயங்கும்படி பக்கத்தை அமைப்பது பழைய உலாவிக்காரருக்கு இடும் பிச்சையன்று. ஓடும் புகையிரதத்தில் புதிய தொலைபேசியோடு இருப்பவருக்கும் அதுவே உதவும்.

இவ்வாறு அமைக்கும் முறைக்கு 2003 இல் ஸ்ரீவன் சம்பியன் என்பவர் ஒரு பெயரிட்டார். படிமுறை மேம்பாடு என்று அதனைத் தமிழிற் கூறலாம். முதலில் எந்த உலாவியிலும் விளங்கும் எளிய பக்கம். அதன்மேல், வல்லமையுள்ள உலாவிக்கு அழகும் செயற்பாடும். விக்கிப்பீடியா இதனையே செய்கின்றது. குறித்த தகுதியில்லாத உலாவிக்கு அது நிரலை அனுப்புவதேயில்லை. கட்டுரையும், தேடும் வசதியும், திருத்தி எழுதும் வசதியுங்கூட வெறும் பக்கமாகவே அங்கு கிடைக்கும். ஆனால், மறைகுறியாக்க முறைகளில் உடைந்தவற்றை அதுவும் காலத்துக்குக் காலம் கைவிட்டே வந்துள்ளது. தோற்றத்தில் தாராளமும் பூட்டில் கண்டிப்பும் ஒருங்கே இருக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

தமிழ் எழுத்து இணையத்துக்கு வந்த வரலாற்றிலும் இப்பிரச்சினை ஒருமுறை கடுமையாகத் தோன்றியது. 1990களின் இறுதியில் ஒவ்வொரு தளமும் தன் தன் எழுத்துருவையும் குறியீட்டையும் வைத்திருந்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பாமினி எழுத்துரு பெருவழக்காயிருந்தது. யூனிக்கோட் முறையில் தமிழுக்கு 1991 முதலே இடமிருந்தபோதிலும், விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரண விண்டோஸ் கணினி அதனை ஒழுங்காகக் காட்டவில்லை. பழைய கணினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நில்லாமற் பின்னாலே போய் நிற்கும். எனவே, பழைய கணினியுடைய வாசகரை இழக்க விரும்பாத தளங்கள் பழைய எழுத்துருவையே தொடர்ந்தன. வாசகரிடம் எழுத்துரு இல்லாவிடின் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் உபாயமும் இருந்தது. அது நெற்ஸ்கேப்புக்கு ஒருவிதமாகவும் எக்ஸ்புளோரருக்கு வேறொரு விதமாகவும் செய்யப்பட்டது. அவ்விரு உலாவிகளும் இன்று இல்லை. அந்த வடிவங்களை இன்றைய உலாவிகள் அறியா. ஆகவே, அக்காலத்துப் பக்கங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குழப்பமே தெரிகின்றது. தக்க மாற்றி நிரல் கொண்டே அவற்றைத் தமிழாக்கி வாசிக்க வேண்டும். அன்றைய வாசகர்பால் கொண்ட அன்பு பிழையன்று. பழைய வடிவத்தோடு யூனிக்கோட் பிரதியொன்றையும் சேர்த்து வைத்த தளங்கள் அவ்வன்பையும் இழக்கவில்லை, பிற்கால வாசகரையும் இழக்கவில்லை.

எல்லாத் தளங்களுக்கும் ஒரே விதி கூறுவது பொருந்தாது. திரைப்பட விளம்பரத்துக்கென அமைந்த தளம், புதிய உலாவியில்லாதவர் வரவேண்டாம் என்று சொன்னால் உலகம் முழுகிவிடாது. பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் தளமோ, வெள்ள எச்சரிக்கை கூறும் தளமோ அவ்வாறு சொல்ல உரிமையற்றது. அவற்றுக்கு மாற்றாக வேறு கடை இல்லை. அங்கு செய்தி எளிய பக்கமாக எல்லாருக்கும் எட்டவேண்டும். பணமும் இரகசியமும் செல்லும் இடத்தில் மாத்திரம் பூட்டுப் புதியதாயிருக்கவேண்டும். அங்கு தடுக்கப்படுபவருக்குத் தொலைபேசி இலக்கமோ, நேரிற் சென்று அலுவல் முடிக்கும் வழியோ திரையிலேயே காட்டப்படல் வேண்டும்.

வாசகர் மீதும் தளத்தின் மீதும் மாத்திரம் பாரத்தைச் சுமத்துவதும் சரியன்று. உலாவியையும் கருவியையும் ஆக்குவோர் எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பித்தல் வழங்குகின்றனர் என்பதே பழைய உலாவிகளின் தொகையைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. ஐபோனின் சஃபாரி உலாவி, கருவியின் இயக்கமுறைமையோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுவது; முறைமை நின்றால் அதுவும் நின்றுவிடும். விண்டோஸ் 7 கணினிகளுக்குக் குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் 2023 பெப்ரவரியோடு நின்றன. பயர்பொக்ஸை ஆக்கும் மொசில்லா நிறுவனம், அக்கணினிகளில் இயங்கவல்ல கடைசிப் பதிப்பாகிய 115 ஆம் பதிப்பை 2023 இல் வெளியிட்டது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 செப்டெம்பர் வரையில் வழங்கப்படும் என்று முதலில் நாள் குறித்தது. அந்நாள் வந்தபோது பயனாளர் பலர் இன்னும் எஞ்சியிருந்தனர். நாள் 2025 மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் அதுவும் தள்ளிவைக்கப்பட்டது.